'டைடாக்டிக்' என்றால் பாராட்டா, குறையா?

கேள்வி இது: "ஆங்கிலத்தில் ஒரு நாவல் மதிப்புரை படித்தேன். 'நல்ல நாவல், ஆனால் கடைசிப் பகுதி கொஞ்சம் டைடாக்டிக்' என்று முடிந்திருந்தது. அகராதியில் 'போதிக்கிற, நீதி புகட்டும்' என்று போட்டிருக்கிறது. நீதி புகட்டுவது நல்லதுதானே, அப்புறம் ஏன் 'ஆனால்'? நாலடியாரைக்கூட ஆங்கிலத்தில் டைடாக்டிக் என்றுதான் எழுதுகிறார்கள். அப்படியென்றால் அதையும் மட்டம் தட்டுகிறார்களா?"

இல்லை, நாலடியாரை யாரும் மட்டம் தட்டவில்லை. ஆனால் அந்த நாவலாசிரியருக்கு ஒரு குட்டு விழுந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், வேலைதான் வேறு.

முதலில் உச்சரிப்பு. 'பிராக்டிகல்' சொல்லும்போது வருகிற 'ஆக்' இருக்கிறதே, அதேதான். டை-டாக்-டிக், அழுத்தம் நடு அசையில். 'டயலெக்டிக்' என்பது வேறு சொல், அதற்கும் இதற்கும் உறவில்லை. அவசரமாகப் படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டு தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

கிரேக்கத்தில் கற்பிப்பதற்கான வினை 'டிடாஸ்கெய்ன்'. அதிலிருந்து வந்த 'டிடாக்டிகோஸ்' என்பதற்குக் கற்பிக்கத் தகுந்த, கற்பிப்பதில் வல்ல என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இதில் ஒழுக்கமும் இல்லை, நீதியும் இல்லை, சலிப்பும் இல்லை. சொல்லிக்கொடுக்கும் நோக்கம் என்பது மட்டும்தான். அதே காலத்தில் கொமேனியஸ் என்ற மொராவியக் கல்வியாளர் தன் பெரிய நூலுக்கு லத்தீனில் 'டிடாக்டிகா மாக்னா' என்று பெயர் வைத்தார். பெரும் கற்பித்தல் கலை என்று சொல்லலாம். ஜெர்மனில் இன்றைக்கும் 'டிடாக்டிக்' என்பது ஒரு படிப்பின் பெயர். எதைக் கற்பிப்பது, ஏன், எப்படி என்று ஆராய்கிற துறை அது. அதைத் தமிழில் 'நீதி போதனை' என்று மொழிபெயர்த்தால் அந்தப் பேராசிரியர்கள் பாவம்.

இதே குடும்பத்தில் ஒரு பெயர்ச்சொல் உண்டு, 'ஆட்டோடைடாக்ட்'. தானே கற்றுக்கொண்டவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஜெயகாந்தனை அப்படிச் சொல்லலாம். அதில் குறை தொனிக்காது, மரியாதைதான் தொனிக்கும்.

ஆக, உங்கள் அகராதி 'நீதி புகட்டும்' என்று நிறுத்திக்கொண்டது பாதிதான் சரி. கற்பிக்கப்படுவது நீதியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ரோமானியக் கவி விர்ஜில் கி.மு. 29 வாக்கில் முடித்த 'ஜியார்ஜிக்ஸ்' நான்கு பாகம். முதலாவது பயிர், இரண்டாவது மரமும் திராட்சையும், மூன்றாவது கால்நடை, நான்காவது தேனீ. எப்போது உழுவது, மாட்டை எப்படித் தேர்வது என்றெல்லாம் செய்யுளில் சொல்கிறது. மேற்கத்திய இலக்கியத்தில் டைடாக்டிக் கவிதைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் முதலில் வந்து விழுகிற பெயர்களில் அது ஒன்று. அதைக் குறையாகச் சொல்வதில்லை. வெண்பா, கலிப்பா என்று வகை சொல்வது மாதிரிதான்.

மருத்துவக் கல்லூரியில் படிக்கிற யாரையாவது கேட்டுப்பாருங்கள். அவர்களுக்கு 'டைடாக்டிக் லெக்சர்' என்றால் வகுப்பறையில் ஆசிரியர் நின்று பேச, மாணவர்கள் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற வகுப்பு. வார்டில் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பது கிளினிக்கல். அப்போதிருந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிமுறையிலேயே இந்தச் சொல் இருந்தது: டைடாக்டிக் வகுப்புகள் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மீதி நேரம் செய்முறைக்கும் கிளினிக்குக்கும் குழு விவாதத்துக்கும். இங்கே பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. கால அட்டவணையில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் மதிப்புரைக்காரர் கையில் மட்டும் இது எப்படிக் குட்டாக மாறியது?

சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'டைடாக்டிக் போயம்', 'டைடாக்டிக் லெக்சர்', 'டைடாக்டிக் லிட்ரேச்சர்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் வகைதான் சொல்கிறது. அங்கே 'கொஞ்சம்', 'ரொம்ப' எல்லாம் போட முடியாது. ஆனால் 'அந்தக் கவிதை டைடாக்டிக்காக இருக்கிறது' என்று பயனிலையில் வந்தாலோ, 'கொஞ்சம்', 'அளவுக்கு மீறி' என்ற அளவுச் சொற்கள் கூட வந்தாலோ, தொண்ணூறு விழுக்காடு குறைதான். தமிழிலும் நாம் இதைச் செய்கிறோமே. 'அரசியல் அறிவியல்' என்பது ஒரு பாடம். 'எங்க ஆபீஸ்ல ஒரே அரசியல்' என்பது புலம்பல். 'பிரச்சார நாடகம்' ஒரு வகை. 'நாடகம் முழுக்கப் பிரச்சாரம்' என்றால் எழுந்து வந்துவிட்டார் என்று அர்த்தம்.

புத்தகப் பின்னட்டைகளில் அடிக்கடி பார்க்கிற இன்னொன்று, 'டைடாக்டிக்காக இல்லாமல் பெரிய விஷயங்களைப் பேசுகிறது' என்கிற புகழ்ச்சி. இல்லை என்று சொல்வதே பாராட்டாகிவிட்டது என்றால் அந்தச் சொல்லின் பெயர் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் கெட்ட கதை சுவாரஸ்யமானது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குழந்தைகளுக்கென்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி நேரடி உபதேசம். ஐசக் வாட்ஸ் என்ற பாதிரியார் 1715இல் வெளியிட்ட பாடல்களில் ஒன்று தேனீயைப் பற்றியது. அந்தச் சின்னத் தேனீ ஒரு நிமிடத்தையும் வீணாக்காமல் பூப்பூவாகப் போய்த் தேன் சேர்க்கிறது பார், நீயும் அப்படி இரு, சும்மா இருக்கிற கைக்குச் சாத்தான் வேலை கொடுப்பான் என்று போகும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். நமக்கு ஆத்திசூடி மாதிரி என்று வையுங்கள், என்ன, கொஞ்சம் நீளம்.

1865இல் வந்த ஆலிஸ் கதையில் அந்தச் சிறுமி இந்தத் தேனீப் பாட்டைத்தான் ஒப்பிக்கப் பார்க்கிறாள். வாயைத் திறந்தால் வேறு ஏதோ வருகிறது. தேனீ போய் முதலை வந்துவிட்டது! நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்குப் பதிலாகத் தன் பளபள வாலைப் பளபளப்பாக்குகிறது, நைல் நதித் தண்ணீரைத் தங்கச் செதில்மேல் ஊற்றிக்கொள்கிறது, கடைசியில் சிரித்த முகத்தோடு சின்ன மீன்களை 'வாங்க வாங்க' என்று வாய்க்குள் வரவேற்கிறது. அன்றைக்கு அதைப் படித்த பிள்ளைகளுக்கு மூலப்பாட்டு தெரியும், அதனால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அதே கதையில் ஒரு சீமாட்டி வருகிறாள். எதைச் சொன்னாலும் 'இதன் நீதி என்னவென்றால்' என்று ஆரம்பிப்பாள். எல்லாவற்றிலும் ஒரு நீதி உண்டு, கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும் என்பது அவள் கட்சி. உபதேசப் புத்தகங்களின் மூக்கை இதைவிட நன்றாக யாரும் உடைத்ததில்லை என்பேன்.

கவிஞர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். 1820இல் ஷெல்லி ஒரு முன்னுரையில், டைடாக்டிக் கவிதை தனக்கு அறவே பிடிக்காது, உரைநடையில் சொல்ல முடிந்ததைச் செய்யுளில் சொன்னால் சலிப்புத்தான் என்று எழுதினார். அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ ஒரு படி மேலே போய், கவிதையின் வேலை உண்மையைப் போதிப்பதுதான் என்ற எண்ணத்துக்கே 'டைடாக்டிக் மதத்துரோகம்' என்று பெயர் சூட்டினார்.

இவர்களைவிட எனக்குப் பிடித்தது கோல்ரிட்ஜ் சொன்ன பதில். அவருடைய கிழட்டு மாலுமிக் கவிதையைப் படித்துவிட்டு, குழந்தைகளுக்காக நிறைய எழுதிய திருமதி பார்பால்ட், இதில் இரண்டு குறை இருக்கிறது, ஒன்று நம்பும்படி இல்லை, இன்னொன்று நீதியே இல்லை என்றாராம். முதலாவதைப் பற்றி விவாதிக்கலாம் என்று விட்டுவிட்டு, இரண்டாவதற்கு கோல்ரிட்ஜ் சொன்னார்: நீதி இல்லை என்பது அல்ல குறை, அதிகமாகப் போய்விட்டது என்பதுதான். எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அரபுக் கதை ஒன்றைக் காட்டினார். ஒரு வியாபாரி கிணற்றடியில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று கொட்டையை வீசுகிறான். திடீரென்று ஒரு பூதம் எழுந்து நின்று, 'உன்னைக் கொல்லப் போகிறேன், நீ எறிந்த கொட்டை என் பிள்ளையின் கண்ணைக் குருடாக்கிவிட்டது' என்கிறது. அவ்வளவுதான். இதற்கு என்ன நீதி எழுதுவீர்கள்? 'கொட்டையைப் பார்த்து எறி' என்றா?

எதிர்க்கட்சியும் உண்டு. பெர்னார்ட் ஷா 'பிக்மாலியன்' நாடகத்துக்கு எழுதிய முன்னுரையில், இந்த நாடகம் வேண்டுமென்றே எழுதிய டைடாக்டிக் நாடகம், கலை போதிக்கக் கூடாது என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் தலையில் இதை எறிவதில் எனக்கு ஆனந்தம், மகத்தான கலை வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்கிறார். இங்கே அவர் செய்ததைக் கவனியுங்கள். சொல் திட்டாக மாறிவிட்டது என்று தெரிந்தேதான் அதைத் தன் சட்டையில் பதக்கமாகக் குத்திக்கொள்கிறார்.

இனி நாலடியாருக்கு வருவோம். பதினெண்கீழ்க்கணக்கில் 11 நூல்கள் அறம் பேசுபவை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இவற்றை டைடாக்டிக் என்று சொல்லும்போது விர்ஜிலுக்குச் சொன்ன அதே பொருளில்தான் சொல்கிறார்கள். பெயருக்கு முன்னால் நிற்கிறது, வகை சொல்கிறது. மகாபாரதத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்துகொண்டு தர்மம் சொல்லும் சாந்தி பர்வத்தையும் அப்படித்தான் குறிப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஷெல்லிக்கும் போவுக்கும் பிறகு ஆங்கிலம் படிக்கிறவரின் காதில் அந்தச் சொல் விழும்போது லேசாக ஒரு கொட்டாவியும் கூடவே வரும். எழுதியவர் நினைக்காவிட்டாலும் வரும். அதனால் நான் ஆங்கிலத்தில் குறளை அறிமுகப்படுத்த நேர்ந்தால் இந்தச் சொல்லைப் போட மாட்டேன். 'எதிக்ஸ்' பற்றிய நூல் என்று சொல்லிவிட்டு நகர்வேன்.

நம் பக்கத்தில் இதற்கு நேரான பழைய சொல் இருக்கிறது என்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. செவியறிவுறூஉ. புறத்துறைகளில் ஒன்று, அரசனுக்கு நல்லதைச் செவியில் போடுவது. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன 184ஆம் பாட்டு இந்தத் துறைதான். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால், 'மா' என்கிற பழைய நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலத்து நெல்லே பல நாளைக்கு வரும். யானையே தனியாக வயலுக்குள் புகுந்து தின்றால், நூறு வயல் இருந்தாலும் 'வாய்புகுவதனினும் கால்பெரிது கெடுக்கும்'. வாய்க்குள் போனதைவிடக் காலில் மிதிபட்டது அதிகம். வரி வாங்குவதைப் பற்றித்தான் பேச்சு என்று பிறகுதான் சொல்கிறார். 2019 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மேற்கோள் காட்டியதும் இதைத்தான். உபதேசமா என்றால் நூற்றுக்கு நூறு உபதேசம். ஆனால் படித்துவிட்டு யாரும் கொட்டாவி விட்டதில்லை. அந்தக் கால் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தொல்காப்பியர் இன்னொன்றும் சொல்கிறார், வாயுறை வாழ்த்து. 'வேம்பும் கடுவும் போல' என்று உவமை வரும் நூற்பா அது. இப்போது கசந்தாலும் பின்னால் நன்மை செய்யும் என்று சொல்லி வாயில் வைப்பது என்று உரை சொல்வார்கள். லத்தீனில் லுக்ரீஷியஸ் என்ற கவியும் மருந்தைத்தான் பிடித்துக்கொள்கிறார். கசப்பான எட்டிச்சாறு போன்ற கஷாயத்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் வைத்தியர் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுகிறாரே, என் கவிதை அந்தத் தேன் என்கிறார். நம்மவர்கள் நூலுக்கே சுக்கு, மிளகு, திப்பிலியை நினைத்துத் திரிகடுகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேன் தடவுவதெல்லாம் இல்லை, மருந்து மருந்துதான், குடி.

இந்தச் சொல்லைச் சுற்றி நாலைந்து பங்காளிச் சொற்கள் இருக்கின்றன. ஒரு காட்சியில் எல்லாரையும் நிறுத்திக் காட்டுகிறேன். பேருந்து நிலையத்தில் ஒரு பையன் பழத்தோலைக் கீழே போடுகிறான். முதல் பெரியவர் அவனை நிறுத்தி, வழுக்கி விழுந்தால் என்னாகும், குப்பைத்தொட்டி எதற்கு இருக்கிறது என்று படிப்படியாக விளக்குகிறார். அவர் டைடாக்டிக். இரண்டாமவர், 'இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான், வளர்ப்பு சரியில்லை' என்று தீர்ப்பு எழுதுகிறார். அவர் மாரலிஸ்டிக். மூன்றாமவருக்குக் குப்பையே கண்ணில் படவில்லை. பையன் 'வாளப்பளம்' என்று சொன்னதுதான் காதில் விழுந்தது, 'ழகரம் வரலையே தம்பி' என்கிறார். அவர் பெடாண்டிக். நான்காமவர் தாடியைத் தடவிக்கொண்டு, 'போட்ட கை எடுக்கும் நாள் வரும்' என்று பழமொழி மாதிரி ஒன்றை உதிர்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார். அவர் சென்டென்ஷியஸ். அந்தப் பையன் வீட்டுக்குப் போய் நாலு பேரையும் சேர்த்து 'ஒரே ப்ரீச்சி' என்பான். கடைசிச் சொல் பேச்சு வழக்கு, அதில் பாராட்டுக்கு இடமே இல்லை.

'இன்ஸ்ட்ரக்டிவ்' மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. படித்தேன், விஷயம் தெரிந்துகொண்டேன் என்கிற நல்ல சொல் அது. டைடாக்டிக் எழுதியவரின் நோக்கத்தைச் சொல்கிறது, இன்ஸ்ட்ரக்டிவ் படித்தவருக்குக் கிடைத்த பலனைச் சொல்கிறது. ஒரு புத்தகம் முதலாவதாக இருந்து இரண்டாவதாக இல்லாமல் போவது சகஜம்.

நான் மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவன், அதனால் ஒரு சொந்த அனுபவம். சில வருடங்களுக்கு முன் தமிழ்ச் சிறுவர் கதை ஒன்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு சிறுமி பாட்டியின் மூக்குக்கண்ணாடியைக் கிணற்றில் தவறவிட்டுவிட்டு, தெரியாது என்று பொய் சொல்லிவிடுகிறாள். பாட்டி தடவித் தடவிச் சமைக்கிறார். ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்துவிடுகிறது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார்கள். சிறுமி மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். ராத்திரி பாட்டி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறாள். அதற்குப் பிறகு ஒரு பத்தி: 'ஆகவே குழந்தைகளே, பொய் சொல்வது பிறருக்குத் துன்பம் தரும் என்பதை உணர வேண்டும்.'

ஆங்கிலப் பதிப்பாசிரியர் அந்தப் பத்தியின் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பியிருந்தார். டைடாக்டிக், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஓய்வுபெற்ற ஆசிரியரான எழுத்தாளரிடம் இதை எப்படிச் சொல்வது? 'நீதி கொஞ்சம் வெளிப்படையாக இருக்கிறது என்கிறார்கள் ஐயா' என்றேன். 'உங்க எடிட்டருக்குப் பேரன் பேத்தி உண்டா?' என்று கேட்டார். கடைசியில் ஆங்கிலத்தில் அந்தப் பத்தி போனது, தமிழில் இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அவருடைய தமிழ் வாசகர்கள் அந்த வரிக்காகக் காத்திருப்பவர்கள், பாட்டிமார் சத்தமாக வாசித்துக் காட்டுகிற வரி அது. ஆனால் என்னைக் கேட்டால், இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட அந்த ரசத்துக்கு அப்புறம் எனக்கு அந்தப் பத்தி வேண்டியிருக்கவில்லை.

ஆகத் தமிழில் என்ன போடுவது? ஒரே சொல்லைத் தேடாதீர்கள். இலக்கிய வகை என்றால் 'அற இலக்கியம்', 'நீதிநூல்'. விவசாயம், வானியல் மாதிரி விஷயம் என்றால் 'கற்பிக்கும் நோக்கில் எழுதிய செய்யுள்'. மருத்துவக் கல்லூரி என்றால் 'விரிவுரை வகுப்பு'. கல்வித்துறை என்றால் 'கற்பித்தல் முறை சார்ந்த'. மதிப்புரையில் குறையாக வந்தால் 'உபதேச நெடி', 'பிரச்சார வாடை' இரண்டும் நன்றாகப் பொருந்தும், பின்னது அரசியல் கருத்தென்றால் இன்னும் பொருந்தும். ஆளைப் பற்றிச் சொன்னால் 'வாத்தியார்த்தனம்'. அதில் வாத்தியார்களுக்கு வருத்தம் இருக்கலாம்.

உங்கள் மதிப்புரை வரியை நான் இப்படி எழுதுவேன்: 'நல்ல நாவல்தான், கடைசிப் பகுதியில் மட்டும் ஆசிரியர் கொஞ்சம் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்.'